பைபாஸ் ரோட்டைப் போட்டது யார்?

மென்பொருள் பாதுகாப்புக் குறைபாடுகளில் ஒரு வகைக்கு 'ஆதென்டிகேஷன் பைபாஸ்' என்று பெயர். கடவுச்சொல் தெரியாது, யாருடைய கணக்கையும் திருடவில்லை, ஆனாலும் கடவுச்சொல் கேட்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடலாம். 'அடையாளச் சரிபார்ப்பைத் தாண்டுதல்' என்று தமிழில் எழுதலாம்தான். ஆனால் இந்தக் கட்டுரைக்கு நான் பைபாஸ் என்றே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அந்தச் சொல் நமக்கு வேறு ஒன்றையும் ஞாபகப்படுத்தும். ஊருக்குள் நுழையாமல் சுற்றிப் போக ஒரு பைபாஸ் ரோடு இருக்கிறது என்றால், அதைப் போட்டது லாரி டிரைவர் இல்லை. நெடுஞ்சாலைத் துறை அளந்து, மண் கொட்டி, தார் ஊற்றிப் போட்டது. டிரைவர் செய்ததெல்லாம் போர்டைப் பார்த்து வண்டியைத் திருப்பியதுதான்.

செய்திகளில் இது தலைகீழாக வருகிறது. 'ஹேக்கர்கள் பாதுகாப்பை முறியடித்தனர்' என்பார்கள். நிறுவனங்களின் தரவைச் சேமிக்க, அனுப்ப, அலச உதவும் மென்பொருள்களில் வெளியான இப்படிப்பட்ட குறைபாடுகளில் நான்கை எடுத்துக் கொஞ்ச நாளாகக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். நான்கிலும் எதையும் யாரும் முறிக்கவில்லை. தயாரித்தவர்களே தங்கள் வசதிக்காக ஒரு வழி போட்டிருந்தார்கள், வந்தவர்கள் அதில் நடந்து போனார்கள்.

அதனால் ஒரு மென்பொருளை எடைபோட 'இதில் ஓட்டை வந்ததா?' என்ற கேள்வி போதாது. ஓட்டை எல்லாவற்றிலும் வரும். வந்த பிறகு என்ன செய்தார்கள்? ரோட்டையே பெயர்த்தார்களா, போர்டை மட்டும் கழற்றினார்களா? இந்த அளவுகோலை வைத்துத்தான் நான்கையும் பார்க்கப் போகிறேன்.

காவல் எங்கே நிற்கிறது?

முதலில் ஒரு சின்ன விளக்கம். பிரவுசர் வழியாக ஓடும் பெரிய மென்பொருளில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாக 'நீ யார்?' என்று கேட்கும் நிரலை எழுதினால் எங்காவது விட்டுப்போகும். அதனால் எல்லாக் கோரிக்கைகளும் வருகிற வழியில் ஒரு ஃபில்டரை வைப்பார்கள். வாட்ச்மேன் மாதிரி. அடையாளம் சரியாக இருந்தால் உள்ளே, இல்லையென்றால் லாகின் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பு. நல்ல யோசனைதான்.

ஆனால் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. லாகின் பக்கத்தைப் பார்க்கவே லாகின் செய்திருக்க வேண்டும் என்றால் யாராலும் வர முடியாது. மென்பொருளை முதன்முதலாக நிறுவும்போது அட்மின் கணக்கே இருக்காது, அப்போது யாரை அடையாளம் கேட்பது? ஒரே மென்பொருள் மூன்று சர்வர்களில் ஓடினால் அவை தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும், ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் கடவுச்சொல்லை டைப் அடிக்காது. ஆகவே விலக்குகள் வேண்டியிருக்கிறது. 'இந்த மாதிரி வந்தால் கேட்காதே, விடு' என்று ஒரு பட்டியல். அந்தப் பட்டியல்தான் பைபாஸ் ரோடு.

கோஎனிவேர்: நிறுவி முடித்த பிறகும் இருந்த நிறுவல் பக்கம்

ஃபோர்ட்ரா நிறுவனத்தின் கோஎனிவேர் எம்எஃப்டி, கம்பெனிகள் தங்களுக்குள் பெரிய கோப்புகளைப் பத்திரமாக அனுப்பிக்கொள்ள உதவும் மென்பொருள். 'பத்திரமாக' என்பதற்குத்தான் காசே.

இதில் முதல் அட்மின் கணக்கை உருவாக்க ஒரு பக்கம் உண்டு. ஃபில்டர் என்ன செய்தது? அட்மின் ஏற்கெனவே இருக்கிறாரா, வந்திருக்கும் முகவரி அந்த நிறுவல் பக்கத்தின் முகவரியா என்று பார்க்கும். இரண்டும் ஆம் என்றால் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடும். அதாவது முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து ஒரு முடிவு. அந்த நிறுவல் பக்கமோ, 'ஏற்கெனவே அட்மின் இருக்கிறாரே, நான் ஏன் இன்னொருவரை உருவாக்க வேண்டும்?' என்று கேட்கவே இல்லை. வாட்ச்மேன் பார்த்திருப்பார் என்று நம்பிக்கொண்டிருந்தது.

முகவரிக்கு நடுவில் '..;/' என்று நான்கு குறிகளைச் சேர்த்தால் ஃபில்டருக்கு அது வேறு ஏதோ முகவரியாகத் தெரிகிறது. பின்னால் இருக்கும் டாம்கேட் சர்வரோ, அரைப்புள்ளியை விட்டுவிட்டு, இரண்டு புள்ளிகளை 'ஒரு படி மேலே போ' என்று புரிந்துகொண்டு, நேராக நிறுவல் பக்கத்தைத் திறந்துவிடுகிறது. ஒரே முகவரியை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படித்தார்கள். வந்தவருக்குப் புத்தம் புதிய அட்மின் கணக்கு கிடைத்தது.

இது சிவிஇ-2024-0204. பத்துக்கு 9.8 மதிப்பெண் வாங்கிய குறைபாடு. திருத்திய பதிப்பு 7.4.1, டிசம்பர் 2023-ல் வந்தது. பொது அறிவிப்பு ஜனவரி 22, 2024-ல் வந்தது.

எனக்கு உறுத்துவது வேறு. இந்த அரைப்புள்ளி வித்தை புதிதில்லை. ஆரஞ்ச் ட்சாய் என்ற தைவான் ஆராய்ச்சியாளர் 2018-ல் பிளாக் ஹேட் மாநாட்டு மேடையில் இதை விரிவாக விளக்கினார். முன்னால் நிற்கும் பகுதியும் பின்னால் நிற்கும் பகுதியும் ஒரே முகவரியை வெவ்வேறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதுதான் அந்த உரையின் மையம். ஐந்து வருடம் கழித்து அதே வித்தை, கோப்புப் பாதுகாப்பையே விற்கும் ஒரு பொருளில்!

உடனே புதிய பதிப்புக்கு மாற முடியாதவர்களுக்கு ஃபோர்ட்ரா சொன்ன மாற்று வழி என்ன தெரியுமா? அந்த நிறுவல் பக்கத்தின் கோப்பை அழித்துவிட்டு மென்பொருளை மறுபடி தொடங்குங்கள் என்பது. இதைவிடத் தெளிவான ஒப்புதல் வாக்குமூலம் கிடையாது. நிறுவி முடித்த பிறகு அந்தக் கோப்பால் யாருக்கும் பயனில்லை. முதல் அட்மின் உருவான நொடியிலேயே மென்பொருள் தானாக அதை மூடியிருக்கலாம்.

இதே பொருளில் 2023 தொடக்கத்தில் இன்னொரு குறைபாடு (சிவிஇ-2023-0669) உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதியில் இருந்தது. லாகின் செய்யாமலே எட்டக்கூடிய இடம் அது. க்ளாப் என்ற மிரட்டல் கும்பல், அதன் வழியாக 130-க்கு மேற்பட்ட நிறுவனங்களின் தரவை எடுத்ததாகச் சொல்லிக்கொண்டது. செப்டம்பர் 2025-ல் அதே உரிமப் பகுதியில் மறுபடியும் ஒன்று வந்தது (சிவிஇ-2025-10035). இந்த முறை பத்துக்குப் பத்து. நுணுக்கத்தில் இவை வேறு வகைக் குறைபாடுகள். ஆனால் 'லாகின் இல்லாமல் இந்தப் பக்கம் வரலாம்' என்ற விலக்கு மட்டும் அப்படியே இருந்திருக்கிறது. என் அளவுகோலில் இது போர்டு கழற்றிய கதை.

நாகோஸ்: பெயர் சொன்னால் போதும்

இரண்டாவது, அலிபாபா 2018-ல் திறந்த மூலமாக வெளியிட்ட நாகோஸ். ஒரு நிறுவனத்தில் பல சின்னச் சின்ன சேவைகள் ஓடும்போது அவை ஒன்றை ஒன்று கண்டுபிடிக்கவும், அமைப்புத் தகவல்களை ஒரே இடத்தில் வைக்கவும் இது உதவுகிறது. அமைப்புத் தகவல் என்றால் நடைமுறையில் டேட்டாபேஸ் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம்தான். வீட்டுச் சாவிகளை மாட்டி வைக்கும் ஆணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரவுசரோ வேறு நிரலோ சர்வரிடம் பேசும்போது, 'நான் இன்ன மென்பொருள்' என்று 'யூசர்-ஏஜென்ட்' என்ற ஒரு வரியில் தன்னைத்தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும். அதில் யார் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். நாகோஸின் ஃபில்டர், அந்த வரி 'நாகோஸ்-சர்வர்' என்று தொடங்கினால் 'ஓ, நம்ம ஆளு' என்று விட்டுவிட்டது. சர்வர்கள் தங்களுக்குள் பேசப் போட்ட வழி. கல்யாண மண்டப வாசலில் 'மாப்பிள்ளை வீடு' என்று சொன்னால் யாரும் அழைப்பிதழைக் கேட்பதில்லை, அதே மாதிரி.

2020 கடைசியில் இதை ஒருவர் எடுத்துச் சொன்னார். 1.4.1 பதிப்பில் திருத்தம் வந்தது. சர்வர்கள் தங்களுக்குள் ஒரு ரகசியச் சொல்லைச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று மாற்றினார்கள். சரியான திசைதான். ஆனால் ஜனவரி 2021-லேயே அந்தத் திருத்தத்தையும் தாண்டிவிட்டார்கள். எப்படி? முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு சேர்த்தால் போதும். ஃபில்டர் தன் பட்டியலில் அந்த முகவரியைத் தேடும், சாய்கோடு இருப்பதால் கிடைக்காது. கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற இடத்தில் நிரல் எழுதியவர்கள் 'விட்டுவிடு' என்று எழுதியிருந்தார்கள்.

இந்த ஒரு வரியில்தான் என் விமர்சனம் முழுக்க அடங்கியிருக்கிறது. வாட்ச்மேனுக்கு யார் என்று புரியவில்லை, அதனால் கேட்டைத் திறந்துவிட்டார். புரியாதவரை நிறுத்துவதுதானே காவல்? தெரிந்தவர்களை மட்டும் நிறுத்தி, தெரியாதவர்களை விடுவதற்கு எதற்கு ஒரு வாட்ச்மேன்?

கதை அதோடு முடியவில்லை. லாகின் செய்தவருக்கு நாகோஸ் ஒரு ஜேடபிள்யூடி டோக்கன் தரும், அதாவது கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டு. கையெழுத்துப் போட உதவும் சாவி, அமைப்புக் கோப்பில் ஒரு மாதிரிச் சாவியாக எழுதப்பட்டே வந்தது. பலர் அதை மாற்றவில்லை. உலகத்துக்கே தெரிந்த சாவி என்பதால் யார் வேண்டுமானாலும் அட்மின் பெயரில் சீட்டு எழுதலாம். 2023-ல் வந்த 2.2.0.1 பதிப்பில்தான் அந்த மாதிரிச் சாவியை எடுத்தார்கள். மூன்றாவது முறை ரோட்டையே பெயர்த்தார்கள் என்று சொல்லலாம். தாமதம்தான், ஆனாலும் செய்தார்கள்.

சூப்பர்செட்: எச்சரிக்கை வேலை செய்யுமா?

மூன்றாவது கதையில் எண்கள் இருக்கின்றன, அதனால் எனக்குப் பிடித்தது இதுதான். அபாச்சி சூப்பர்செட், டேட்டாபேஸ்களோடு இணைத்து வரைபடங்கள், அறிக்கைகள் தயாரிக்கும் மென்பொருள். ஏர்பிஎன்பி-யில் பிறந்தது. இங்கேயும் லாகின் செய்தவருக்குக் கையெழுத்திட்ட ஒரு குக்கி, கையெழுத்துக்கு ஒரு ரகசியச் சாவி. மூல நிரலிலேயே எழுதப்பட்டிருந்த அந்தச் சாவியில் 'இதுதான் என் ரகசியச் சாவி' என்று பொருள்படும் ஆங்கில வாசகம் இருந்தது, அதுவும் 'ரகசியம்' என்ற சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போய்.

ஹொரைசன்3 என்ற பாதுகாப்பு நிறுவனம் அக்டோபர் 2021-ல் இணையத்தில் வெளியே தெரிந்த 1,288 சூப்பர்செட் சர்வர்களைப் பார்த்தது. 918-ல் அதே சாவி. அதாவது நூற்றுக்கு 71. சூப்பர்செட் குழுவிடம் சொன்னார்கள். 2022 தொடக்கத்தில் குழு ஒரு மாற்றம் செய்தது: மாதிரிச் சாவியை வேறு வாசகமாக மாற்றி, யாராவது அதை அப்படியே வைத்திருந்தால் பதிவுக் கோப்பில் பெரிதாக ஓர் எச்சரிக்கை எழுதுவது.

பிப்ரவரி 2023-ல் ஹொரைசன்3 மறுபடி எண்ணியது. இந்த முறை 3,176 சர்வர்கள். அதில் 2,124-ல் ஏதோ ஒரு மாதிரிச் சாவி. நூற்றுக்கு 67. அவர்கள் தேடிய நான்கு மாதிரிச் சாவிகளில் ஒன்று சூப்பர்செட்டின் விளக்கக் குறிப்புகளிலேயே உதாரணமாகக் கொடுக்கப்பட்டது. 'உங்கள் சொந்தச் சாவியை இங்கே எழுதுங்கள்' என்ற பொருளில் இருந்த வாசகத்தையே மக்கள் சாவியாக வைத்துக்கொண்டார்கள்!

இரண்டு கணக்கெடுப்பிலும் ஒரே சர்வர்கள் இல்லை, அதனால் 71-லிருந்து 67 என்று நேராகக் கோடு போட முடியாது. ஆனால் பதிவுக் கோப்பில் எழுதும் எச்சரிக்கை மூன்றில் இரண்டு பேரைத் தொடவே இல்லை என்பது நிச்சயம். பதிவுக் கோப்பை யார் திறந்து பார்க்கிறார்கள்? ஏதாவது உடைந்தால்தானே பார்ப்போம். இங்கே எதுவும் உடையவில்லை. எல்லாம் அழகாக ஓடிக்கொண்டிருந்தது, அதுதான் சிக்கல்.

ஏப்ரல் 2023 வாக்கில் 2.1.0 பதிப்பு வந்தது. மாதிரிச் சாவி இருந்தால் சர்வர் தொடங்கவே தொடங்காது. சில அமைப்பு முறைகளில் அதற்கும் விதிவிலக்கு மிஞ்சியது என்றாலும், நான்கு கதைகளில் மிகச் சரியான முடிவு இதுதான் என்பேன். நல்ல எச்சரிக்கை என்பது வேலையை நிறுத்தும் எச்சரிக்கை. தலைக்கவசம் போடாவிட்டால் ஆபத்து என்று பைக்கில் ஸ்டிக்கர் ஒட்டுவதற்கும், வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

ஐபிஎம்: கேட்க ஆளில்லை

நான்காவது கதையை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதில் நிரலைவிட மனிதர்கள்தான் முக்கியம். ஐபிஎம் டேட்டா ரிஸ்க் மேனேஜர், ஒரு நிறுவனத்தின் தரவுக்கு எங்கெங்கே ஆபத்து இருக்கிறது என்று திரட்டிக் காட்டும் மென்பொருள். அதற்காக மற்றப் பாதுகாப்புக் கருவிகளின் கடவுச்சொற்களையும் தன்னிடம் வைத்திருக்கும். இதற்குள் போனால் எல்லாவற்றுக்குள்ளும் போகலாம்.

பெத்ரோ ரிபெய்ரோ என்ற ஆராய்ச்சியாளர் இதில் நான்கு குறைபாடுகளைக் கண்டுபிடித்தார். ஒன்று பைபாஸ்: வேறு சேவை வழியாக லாகின் செய்பவர்களுக்காகப் போட்ட வழி. வந்தவர் தானே ஓர் எண்ணை எழுதி, 'இது இன்னாருடைய செஷன்' என்று சொன்னால், அப்படி ஒரு பயனர் இருக்கும்பட்சத்தில் மென்பொருள் நம்பிவிடும். இன்னொன்று, உள்ளமைந்த ஒரு கணக்கின் கடவுச்சொல் அந்தப் பொருளின் பெயர்ச் சுருக்கமே.

அவர் அமெரிக்காவின் செர்ட் ஒருங்கிணைப்பு மையம் வழியாக ஐபிஎம்முக்குத் தெரிவித்தார். ஐபிஎம் அந்த அறிக்கையைத் தங்கள் திட்டத்தின் எல்லைக்குள் வராது என்று மூடிவிட்டது. காரணம்? அந்தப் பொருள் காசு கொடுத்துக் கூடுதல் ஆதரவு வாங்கும் வாடிக்கையாளர்களுக்கானதாம். அதாவது அதிகம் பணம் கொடுப்பவர்களின் பொருளில் ஓட்டை என்றால் கேட்க முடியாது! ஏப்ரல் 2020-ல் ரிபெய்ரோ எல்லாவற்றையும் பொதுவில் வெளியிட்டார். அதன் பிறகுதான், நடைமுறைத் தவறால் அப்படிப் பதில் போய்விட்டது என்று ஐபிஎம் சொன்னது, திருத்தங்கள் பற்றியும் பேசியது.

அந்த விளக்கத்தை அப்படியே நம்பினாலும் ஒன்று மிஞ்சுகிறது. லாகின் பக்கத்தில் யார் என்று சரியாகக் கேட்காமல் உள்ளே விட்ட அதே நிறுவனம், குறைபாட்டைச் சொல்ல வந்தவரை மட்டும் வாசலிலேயே நிறுத்தி 'நீ எந்தத் திட்டத்தில் வருகிறாய்?' என்று கேட்டது.

தயாரிப்பாளர் பக்கத்து நியாயம்

அவர்கள் சொல்லும் பதில்களில் எல்லாமே சாக்கு இல்லை. 'இது உள் நெட்வொர்க்கில் மட்டும் ஓட வேண்டியது, இணையத்தில் திறந்து வைத்தது உங்கள் தவறு' என்பார்கள். நாகோஸின் நிலைப்பாடும் ஏறக்குறைய இதுதான். பாதி உண்மை. ஆனால் வெளியே தெரிந்த மூவாயிரம் சூப்பர்செட் சர்வர்களைப் பார்த்த பிறகு, 'யாரும் வெளியே வைக்க மாட்டார்கள்' என்ற நம்பிக்கையில் ஒரு பொருளை வடிவமைக்க முடியாது. தவிர, ஓர் ஊழியரின் கணினியில் ஒரு கெட்ட மின்னஞ்சல் திறந்தால் தாக்குபவரும் உள் நெட்வொர்க்கில்தான் இருப்பார்.

'மாதிரிச் சாவியை மாற்றச் சொல்லித்தான் எழுதியிருந்தோம்' என்பது அடுத்தது. உண்மை, எழுதியிருந்தார்கள். மாற்றாத அட்மினுக்கும் பங்கு உண்டு. ஆனால் மூன்றில் இரண்டு பேர் ஒரே தவறைச் செய்தால் அது ஆட்களின் தவறு மட்டும் இல்லை. நிறுவும்போதே மென்பொருள் தானாக ஒரு சாவியை உருவாக்கிக்கொள்வது கஷ்டமான நிரலா என்ன? சில வரிகள்.

திறந்த மூலத் திட்டங்களில் பலர் சம்பளமில்லாமல் உழைக்கிறார்கள் என்பதையும் நான் மறக்கவில்லை. இந்த நான்கில் கடைசியில் ரோட்டைப் பெயர்த்த இரண்டும் திறந்த மூலமே என்பதைக் கவனித்தீர்களா? நான்கை வைத்து ஒரு விதியைச் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லோரும் பார்க்கும்படி நிரலும் விவாதமும் இருந்தால் போர்டை மட்டும் கழற்றிவிட்டு நழுவுவது கொஞ்சம் கஷ்டம்.

நீங்கள் கேட்கக்கூடியவை

உங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு மென்பொருளை வாங்கப் போகிறார்கள் என்றால், விற்க வருகிறவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். நிறுவி முடித்த பிறகு நிறுவல் பக்கம் என்ன ஆகிறது? ரகசியச் சாவியை யார், எப்போது உருவாக்குகிறார்கள்? ஃபில்டருக்குப் புரியாத கோரிக்கை வந்தால் திறக்குமா, மூடுமா? மூன்றாவது கேள்விக்கு அவர் 'எங்கள் டீமிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்றால் அதுவே நல்ல பதில். கேட்கட்டும்.

இந்த மென்பொருள்களில் கிடப்பவை யாருடைய தகவல்கள்? கோஎனிவேர் வழியாகப் போன கோப்புகளில் மருத்துவக் காப்பீட்டுக்காரர்களின் விவரங்களும் சம்பளப் பட்டியல்களும் இருந்திருக்கும். அந்த மனிதர்களில் ஒருவரும் அந்த மென்பொருளின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அதை வாங்கும் முடிவிலும் அவருக்குப் பங்கில்லை, சாவியை மாற்றாமல் விட்டதிலும் இல்லை. ஏதாவது நடந்தால் 'உங்கள் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள்' என்று அவருக்கு ஒரு கடிதம் வரும். யாருமே கடவுச்சொல்லைக் கேட்காமல் நடந்த திருட்டுக்கு, அவர் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்.